மரமஞ்சளா, மிளகா? மூளை நொதியங்களைத் தடுக்கும் மருந்துக்கு எதில் தொடங்குவது

சித்த மருத்துவமும் இரசாயனவியலும் ஒரே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் யாழ்ப்பாணத்தில், மூலிகை அல்கலோயிட்டுகளிலிருந்து (தாவரங்களில் உள்ள நைதரசன் கொண்ட சேர்வைகளிலிருந்து) நொதிய நிரோதிகளை, அதாவது நொதியங்களைத் தடுக்கும் பொருட்களை, உருவாக்கும் ஆய்வுக்கு நல்ல இடமுண்டு. எந்த மூலக்கூறைக் கையில் எடுப்பது என்பதைத்தான் நிதானமாக முடிவுசெய்ய வேண்டும்.

அல்சைமர் நோயில் இரு வழிகள் ஏற்கெனவே பலன் தந்துள்ளன. ஸ்னோடிராப் செடியில் உள்ள கலன்டமின் இயற்கை வடிவிலேயே மருந்தாகி 2001 இல் அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. கலபார் அவரையின் பைசோஸ்டிக்மின் உடலில் நெடுநேரம் தங்காததால், அதன் மூலக்கூறிலுள்ள கார்பமேற்றுப் பகுதியை மாதிரியாகக் கொண்டு செயற்கையாக அமைத்த றிவஸ்டிக்மின் 2000 இல் அங்கு அங்கீகரிக்கப்பட்டது. இரண்டும் நரம்புகளிடையே செய்தி கடத்தும் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுத்து அறிகுறிகளைத் தணிக்கின்றனவேயன்றி, நரம்புக் கலங்களின் அழிவை நிறுத்துவதில்லை.

மனச்சோர்வில் குறிவைக்கப்படுவது, மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனினைச் சிதைக்கும் மொனோ அமைன் ஒட்சிடேசு-ஏ. இதனை மீளா வகையில், அதாவது நிரந்தரமாக, தடுக்கும் பழைய மாத்திரைகளை எடுப்போர், தைரமைன் மிகுந்த சீஸ், நாட்பட்ட கருவாடு போன்றவற்றை விலக்க வேண்டும். இல்லையேல் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். ஹார்மின் என்னும் தாவர அல்கலோயிட்டு மீளும் வகையில், மிக வலுவாகவே தடுக்கிறது. ஆயினும் நடுக்கமும் வாந்தியும் உண்டாக்கக்கூடிய அதை நான் முதலில் எடுக்கமாட்டேன்.

மரமஞ்சளின் பெர்பெரின் மேற்சொன்ன இரு நொதியங்களையும் தடுப்பதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுவதால் பலரை ஈர்க்கிறது. ஆனால் நிரந்தர நேரேற்றம் கொண்ட அந்த மூலக்கூறு குடலில் மிகச் சொற்பமாகவே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் கலங்களின் வெளியேற்றுப் புரதமான பி-கிளைக்கோபுரதம் வெளியே தள்ளுகிறது. தென்னிலங்கை ஈரவலயக் காடுகளில் மெதுவாக வளரும் அக்கொடி, மிகையாக வெட்டப்பட்டு அருகிவருவதையும் புறக்கணிக்க முடியாது.

மிளகின் பிப்பரின் ஒட்சிடேசைத் தடுக்கும் வலிமையில் குறைந்தது. இருந்தும் என் தேர்வு அதுவே. ஏற்றமற்ற, கொழுப்பில் கரையும் மூலக்கூறாதலால் மூளையை எட்டுவது அதற்கு எளிது. பொற்றாசியம் ஐதரொட்சைட்டு போன்ற காரத்தோடு கொதிக்கவைத்து அதன் ஏமைட்டுப் பிணைப்பை உடைத்தால் பிப்பரிக் அமிலம் கிடைக்கும். அதனுடன் வேறுவேறு அமைன்களை இணைத்துப் புதிய சேர்வைகளை எளிய ஆய்வுகூடத்திலும் உருவாக்கலாம். திப்பிலியில் உள்ள மெதைல் பிப்பரேற்று, பார்க்கின்சன் நோயில் குறிவைக்கப்படும் மொனோ அமைன் ஒட்சிடேசு-பி யைப் பிப்பரினைவிட வலுவாகத் தடுப்பது, இந்தக் கட்டமைப்பை மெருகேற்றலாம் என்பதற்குச் சான்று.

பிப்பரினின் பெருங்குறை, மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதியமான சிப்3ஏ4 ஐயும் அது தடுப்பதாகும். பிப்பரினுடன் எடுக்கும்போது வலிப்பு மருந்தான பீனிற்றோயினின் இரத்த அளவு உயர்வது மனிதரிலேயே காணப்பட்டுள்ளது. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு இது சிறிய விடயமன்று. (சரக்குக்கறியில் மிளகு இருக்கிறதே என்று எவரும் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.) ஆகவே ஒவ்வொரு புதிய சேர்வையும் ஒட்சிடேசு-ஏ, ஒட்சிடேசு-பி, சிப்3ஏ4 ஆகிய மூன்றிலும் முதற்கட்டத்திலேயே அளக்கப்பட வேண்டும், முதலிரண்டில் ஒன்றை வலுவாகத் தடுத்து, மூன்றாவதைத் தொடாமல் விடும் சேர்வையே விலங்குச் சோதனைக்குப் போக வேண்டும்.