22 வீல் லோ பெட்: வண்டி தங்கம், டயரைத்தான் தின்கிறது

மெஷின் ஏற்றிப் போகிற என் லோ பெட்டுக்கு, அதாவது தளம் தாழ்வான ட்ரெய்லருக்கு, மறுபடியும் டயர் மாற்றியாயிற்று. நடு ஆக்சிலில் இன்னும் பாதிக்கு மேல் டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்) இருக்கிறது. முன் ஆக்சிலிலும் கடைசி ஆக்சிலிலும் ஓரமெல்லாம் அரம் போட்டு ராவியது போல ஆகிவிட்டது. பொக்லைன் ஏற்ற என்ன வண்டி எடுக்கலாம் என்று சங்ககிரி மச்சான் கேட்டதும் இந்த நேரம் பார்த்துத்தான். கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 6×4 ஹார்ஸ் (ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டி, பின்னால் இரண்டு ஆக்சிலும் இழுக்கும்), பின்னால் 3 ஆக்சில் லோ பெட். 20 டன் பொக்லைன் மெஷினுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்பார்கள். 2018 விதிப்படி நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலில் 11.5 டன்தான் ஏற்றலாம், இரட்டை ஆக்சிலில் 21 டன் வரை போகலாம். ஹார்ஸ், ட்ரெய்லர், லோடு எல்லாம் சேர்ந்த மொத்த எடை 55 டன்னைத் தாண்டக் கூடாது. வெறும் எடைக்கணக்குப் பார்த்தால் 20 டன் மெஷினுக்கு ஒரே ஆக்சில் இழுக்கும் 4×2 ஹார்ஸே போதும். ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிக்குள் மழை நாளில் இறங்கிப் பாருங்கள். ஒரே ஆக்சில் இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டும் இழுத்தால் மெஷினோடு மேலே ஏறி வந்துவிடுகிறது. நாளைக்கு 30 டன் மெஷின் வந்தாலும் யோசிக்க வேண்டாம்.

ஹார்ஸைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதிலும் இறக்கத்தில் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் இன்ஜின் பிரேக்! தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கம் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போய் எத்தனை விபத்து. இதில் கியரைக் குறைத்துப் போட்டு இன்ஜின் பிரேக்கைப் போட்டால், மெஷின் ஏற்றிய வண்டி சொன்ன வேகத்தில் இறங்குகிறது. "பிரேக்கை மிதிக்கவே தோணல தம்பி" என்றார் டிரைவர் அண்ணன். அவர் லேசில் எதையும் பாராட்டுகிற ஆள் இல்லை.

சரி, ட்ரெய்லருக்கு வருகிறேன்.

மூன்று ஆக்சிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், வளைவில் வண்டி நடு ஆக்சிலைச் சுற்றித்தான் திரும்புகிறது. முன்னது ஒரு பக்கமும் கடைசியது எதிர்ப் பக்கமும் தரையில் இழுபடுகின்றன. குவாரி கேட்டில் ஒடித்துத் திருப்பினால் ரப்பர் வாடை கேபின் வரை வரும், தார் ரோட்டில் கறுப்புக் கோடு விழும். பெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்று சின்ன டயர் போடுகிறார்கள். அதே தூரத்துக்கு அது அதிகம் சுற்ற வேண்டும், சூடும் அதிகம். ரீட்ரெட் (பழைய டயருக்கு மேலே புது ரப்பர்) போட்டுப் பார்த்தேன், ஓரம் பிய்ந்துகொண்டு வருகிறது. மெஷினை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதும் இதே கதைதான். காலியாகப் போகும்போது தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும் லிஃப்ட் ஆக்சில் கேட்டதற்கு, லோ பெட்டில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் கட்டிக் கொடுத்தவர்களின் பங்கும் உண்டு. கிங் பின்னிலிருந்து (ட்ரெய்லரை ஹார்ஸோடு மாட்டும் பின்) முதல் ஆக்சிலின் இரண்டு முனைக்கும் டேப் பிடித்தால் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு வந்த புது ட்ரெய்லரில் இல்லை. கேட்டால் "லோடு ஏறினால் சரியாகிவிடும்" என்றார்கள். லோடு ஏறி இரும்பு நேராகுமா? வேறு பட்டறையில் நேர் செய்த பிறகு தேய்மானம் குறைந்தது உண்மை. நிற்கவில்லை. மூன்று ஆக்சில் வைத்த வண்டியில் அது நிற்கவும் நிற்காது, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். இப்போது நடு ஆக்சில் டயர்களை முன், கடைசி ஆக்சில்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டுகிறோம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், இடம் இருந்தால் அகலமாகச் சுற்றுங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் கேட்கிறார். குவாரி கேட் கேட்க மாட்டேன் என்கிறது.

மற்றபடி மெஷின் ஏறும் ரேம்ப், ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தும் லேண்டிங் லெக் எல்லாம் சொல்லும்படி தொல்லையில்லை. பெட்டில் மரப்பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மழையில் மெஷினின் இரும்புச் செயின் இரும்புத் தகட்டில் வழுக்கும். 20 டன் மெஷினே கிட்டத்தட்ட 2.8 மீட்டர் அகலம், வண்டி அகலத்துக்கு விதியோ 2.6. அதைத் தாண்டிப் போக அனுமதிக்கு அலைவதெல்லாம் தனிப் புலம்பல், இங்கே வேண்டாம்.

மச்சானுக்கு என் பதில்: வாங்காதீர்கள். சொந்தமாக ஒரு மெஷின் வைத்திருப்பவர் வாடகைக்கு லோ பெட் பிடிப்பதே மேல், அந்த டயர் தலைவலி வண்டிக்காரரோடு போகட்டும். உன்னுடையதை விற்கிறாயா என்று அடுத்து கேட்டார். விற்க மாட்டேன். மழை முடிந்ததும் இன்னொரு ஹார்ஸ் எடுக்கும் யோசனைகூட இருக்கிறது, இதே 6×4தான். ட்ரெய்லர் மட்டும் வேறு ஆளிடம், டேப்போடு போய் நானே அளந்து பார்த்த பிறகுதான் பாக்கிப் பணம்.