மோனலிசாவின் சிரிப்பா, மோனேயின் சூரியனா?

இரண்டுமே பாரிஸில் இருக்கும் ஓவியங்கள், இரண்டுமே கண்ணை ஏமாற்றுபவை. மோனலிசாவின் கண்களைப் பார்த்தால் உதட்டில் சிரிப்பு தெரியும். சரி, உதட்டையே பார்ப்போம் என்றால் சிரிப்பு மங்கிவிடும். டாவின்சி உதட்டோர நிழலைப் புகைபோலக் கரைத்திருக்கிறார். அது ஓரப்பார்வைக்குத்தான் நன்றாகச் சிக்கும் என்கிறார் ஹார்வர்டு நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த சூரியோதய ஓவியத்தில் வித்தை வேறு. ஆரஞ்சுச் சூரியனும் சாம்பல் வானமும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்ச அளவு. படத்தைப் போனில் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், சூரியனையே காணோம்! இடத்தையும் அசைவையும் கணிக்கும் மூளைப் பாதைக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் சூரியன் ஓரிடத்தில் நிற்காமல் துடிப்பதுபோல் இருக்கிறது.

என் ஓட்டு மோனேக்கு. மோனலிசா இருக்கும் லூவ்ர் அருங்காட்சியகக் கூட்டத்தில் முண்டியடிக்காமல் வீட்டிலேயே சோதித்துவிடலாமே.