சுங்கை சிப்புட் பக்கம் ஆர்சிசிபி (கரண்டு ஒழுகுனா தானா அடைக்கிற பாதுகாப்பு சுவிட்சு) வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க

மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. எனக்கு போலி சாமான் வித்த கடை பேரு போட மாட்டேன், கேஸ் போட்டிருக்கேன், அது முடியட்டும். ஆனா விஷயம் என்னான்னு தெரியாம இன்னொருத்தர் போயி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

எங்கம்மா மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல தனியாதான் இருக்காங்க. எங்கப்பா பால்மரம் வெட்டுன ஆளு, தோட்டத்துல இருந்தப்ப லயத்துல கரண்டுன்னா ஒரு குண்டு பல்பு, செவுத்துல ஒரு வெள்ள பீங்கான் ஃபியூஸ் கட்டை, ராத்திரி பத்து மணியானா எஞ்சின நிப்பாட்டிடுவாங்க, அதுக்கப்புறம் மண்ணெண்ண வெளக்குதான். பிறகு ரப்பர அழிச்சு செம்பனை போட்டு ஆளுங்கள கெளப்புனப்ப கெடச்ச காசுல தாமான்ல ஒரு மலிவு விலை வீடு வாங்குனாரு. அந்த வீட்டுல கிளிப்சல் சுவிட்சு, மெயின் சுவிட்செல்லாம் இருக்குற டிபி பெட்டிக்குள்ள ஹேகர் கம்பெனி ஆர்சிசிபி, வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் சுவிட்ச தட்டி தட்டி காட்டுவாரு மனுஷன். "சத்தத்த கேளு, எப்புடி இருக்கு பாரு"ன்னுவாரு. அவரு போயி பதினோரு வருஷம் ஆச்சு.

போன வருஷம் ஒரு பெரிய இடி மழை. எங்க பக்கம் இடி எப்புடி விழும்னு பேராக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. மறுநாளு ஆர்சிசிபி நெம்புகோல் மேல நிக்கவே இல்ல, தூக்கி விட்டா விழுது. வயர்மேன் தம்பி வந்து பாத்துட்டு செத்துப்போச்சு ணே மாத்தணும், நான் ஈப்போவுலேர்ந்து வாங்கிட்டு வரவா இல்ல நீங்களே வாங்கித் தர்றீங்களான்னு கேட்டான். நான் புத்திசாலி இல்லையா, அவன் கமிஷன் வைப்பான்னு நெனச்சிக்கிட்டு நானே வாங்குறேன்னு காடிய எடுத்துக்கிட்டு கெளம்பிட்டேன். இந்த இடத்துலயே தப்பு ஆரம்பிச்சிருச்சு.

கடைக்காரரு நம்ம ஆளுதான், நல்லா பேசுவாரு. உக்காருங்க ணே, தே தாரிக் சொல்லவா, அம்மா நல்லாருக்காங்களா, எந்த தோட்டம் நீங்கன்னு ஆரம்பிச்சு எங்கப்பா பேர சொன்ன உடனே அய்யய்யோ அவர தெரியாதவங்க யாரு ணே அப்புடின்னாரு. இப்ப யோசிச்சா அவருக்கு எங்கப்பாவ தெரியவே தெரியாதுன்னு நெனைக்கிறேன். நான் ஹேகர் கேட்டேன். அவரு உள்ள போயி ஒரு பெட்டிய கொண்டாந்து வச்சாரு, பேரு வேற, நான் கேள்விப்படாத பேரு. இது என்னங்க ஹேகர் இல்லையேன்னா, "ணே, இது அதே குடும்பம்தான். அப்பாவும் ரெண்டு மகனுங்களும் ஆரம்பிச்ச கம்பெனி, 1919ல லண்டன்ல, பிறகு அண்ணன் தம்பிக்குள்ள சண்ட வந்து தம்பி பிரிஞ்சு ஜெர்மனில தனியா போட்டது இது, ஆஸ்திரேலியாவுலகூட இவங்க சொந்தம்தான், எந்த பைப்புக்கும் சேருற மாதிரி சாமான் செஞ்சவங்களே இவங்கதான்"ன்னு ஒரு பத்து நிமிஷம் கதை. நம்ம ஊர்ல மளிகைக்கடை, நகைக்கடையெல்லாம் அண்ணன் தம்பி பிரிஞ்சு எதிர் எதிரா போட்டு பாத்திருக்கோம்ல, அதனால எனக்கு அது ரொம்ப நியாயமா பட்டுச்சு. பெட்டியிலயும் சின்ஸ் 1919, ஜெர்மன் டெக்னாலஜின்னு போட்டிருந்துச்சு.

அதோட விடல. பெட்டிய பிரிச்சு அத வெளிய எடுத்து மேசைமேல வச்சு, நெம்புகோல மேல தூக்கிவிட்டு, 'T'ன்னு எழுதியிருக்குற டெஸ்ட் பட்டன அமுக்குனாரு. டக்குன்னு விழுந்துச்சு. "பாத்தீங்களா ணே, எவ்ளோ ஸ்பீடு, ஒரிஜினல்னா இப்புடி விழணும்." நானும் ஆமா ஆமான்னு தலையாட்டுனேன். இந்த இடத்த ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வர்றேன்.

வீட்டுக்கு ஒரு 30 மில்லி ஆம்ப், தண்ணி சூடாக்குற ஹீட்டருக்கு ஒரு 10 மில்லி ஆம்ப், ரெண்டு எம்சிபி (கரண்டு அளவு மீறுனா விழுற சுவிட்சு), மொத்தம் 420 வெள்ளி (ரிங்கிட்). ரெசிட்ல வெறும் பாராங் எலெக்ட்ரிக் (கரண்டு சாமான்) 4 பிஸ்னு எழுதிக் குடுத்தாரு. நான் பாக்கவே இல்ல, தேத்தண்ணி குடிச்ச சந்தோஷத்துல மடிச்சு பாக்கெட்ல போட்டுட்டேன்.

வயர்மேன் தம்பி பூட்டுனான். பூட்டும்போதே இது என்ன ணே வெயிட்டே இல்லன்னான், நான்தான் அது புது மாடல்டான்னேன். கரண்ட போட்டுட்டு டெஸ்ட் பட்டன அமுக்குனான், விழுந்துச்சு, சரின்னு போயிட்டான்.

மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில அம்மா பின்னாடி வாஷிங் மெஷின்கிட்ட போயிருக்காங்க. தரையெல்லாம் தண்ணி. மெஷின் மேல கைய வச்சவங்கள அப்புடியே ஒதறித் தள்ளியிருக்கு. கால்ல ஜப்பான் சிலிப்பர் இருந்துச்சு, கையும் ஒட்டிக்கல, அதனால ஒக்காந்த மாதிரி விழுந்ததோட போச்சு. இடுப்புல அடி. எனக்கு போன் போட்டு அம்மா சொன்னது என்ன தெரியுமா, "மெஷின் கடிச்சிருச்சுயா, வயசாயிருச்சு போல அதுக்கு." நான் வந்து பாக்குறேன், டிபி பெட்டியில எல்லா நெம்புகோலும் ஜம்முன்னு மேல நிக்குது. ஒண்ணுகூட விழல. மெஷினுக்குள்ள ஒரு வயரு எலி கடிச்சு பாடியில தொட்டுக்கிட்டு இருந்திருக்கு, ஏர்த் வயரும் பிளக்குகிட்ட கழண்டு கெடந்திருக்கு. சரியா இந்த மாதிரி நேரத்துக்குத்தாங்க ஆர்சிசிபியே இருக்கு.

தீபாவளிக்கு என் அக்கா மகன் வந்தான், பிறையில ஒரு ஃபேக்டரில சார்ஜ்மேனா (கரண்டு வேலைய பாத்துக்குற லைசென்ஸ் ஆளு) இருக்கான். அவன்கிட்ட சொன்னேன். மெயின அடைச்சுட்டு அத கழட்டி கையில எடுத்தான், நெம்புகோல தூக்கிவிட்டான், பட்டன அமுக்குனான், டக்குன்னு விழுந்துச்சு. "மாமா, இது டூப்பு"ன்னான். எப்புடிடா நல்லாத்தானே விழுதுன்னா, "விழுறதுதான் மாமா தப்பு"ன்னு சிரிக்கிறான்.

அவன் சொன்னத அப்புடியே சொல்றேன். லைன்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் ஒரே அளவா இருக்கணும். ரெண்டு வயரும் உள்ள ஒரு வளையத்துக்குள்ளால போகும். எங்கயாவது ஆளு மேலயோ தரையிலயோ கொஞ்சம் ஒழுகிப்போச்சுன்னா திரும்பி வர்றது கொறையும், அந்த வித்தியாசத்த வளையம் கண்டுபிடிச்சு நெம்புகோல தள்ளிவிடும், 30 மில்லி ஆம்ப்னு போட்டிருந்தா அந்த அளவுக்குள்ள விழுந்தே ஆகணும். டெஸ்ட் பட்டன் என்ன பண்ணுதுன்னா வேணும்னே கொஞ்சம் கரண்ட ஒரு ரெசிஸ்டர் வழியா ஒழுக விடுது. அப்ப கரண்டே இல்லாத இடத்துல, கடை மேசை மேல, அந்த பட்டன அமுக்குனா ஒண்ணும் ஆகக் கூடாது! ஒழுகுறதுக்கு கரண்டு எங்க இருக்கு? கரண்டு இல்லாமயே விழுதுன்னா அது வெறும் ஸ்பிரிங்கு. அந்தாளு எனக்கு ஒரிஜினல்னு காட்டுனதே அது போலின்றதுக்கு சாட்சி, நான் தேத்தண்ணிய குடிச்சிக்கிட்டு கைதட்டாத கொற.

ஒடச்சுப் பாத்தோம். உள்ள வளையமே இல்ல. ஸ்பிரிங்கு, ஒரு பிளாஸ்டிக் கட்டை, ரெண்டு தகடு. அம்மா மாவு நிறுக்குற தராசுல இதையும் அப்பா காலத்து செத்துப்போன ஹேகரையும் வச்சுப் பாத்தா பழையதுல பாதி கூட இல்ல. எம்சிபியையும் ஒடச்சான், தீப்பொறிய அணைக்கிறதுக்கு வரிசையா இரும்புத் தகடு இருக்கணுமாம், அதுவும் இல்ல. இன்னொண்ணு, ஆர்சிசிபி பெட்டியில ஐஇசி 60898ன்னு தர நம்பர் அடிச்சிருந்துச்சு. அது எம்சிபிக்கு உள்ள நம்பராம், ஆர்சிசிபிக்கு 61008. போலி செய்யுறவனுக்கு அதுகூட தெரியல, இல்ல நம்மள மாதிரி ஆளுங்க எங்க பாக்கப் போறாங்கன்னு விட்டிருக்கான்.

பிறகு நான் அந்த குடும்பக் கதைய அவன்கிட்ட சொன்னேன், லண்டன், அப்பா ரெண்டு மகன், ஆஸ்திரேலியான்னு. பய விழுந்து விழுந்து சிரிச்சான். மூணு கம்பெனி கதைய எடுத்து ஒரே பெட்டிக்குள்ள போட்டு வித்திருக்காரு மாமா அந்தாளுன்னான்.

லண்டன் 1919ங்குறது எம்கேங்குற கம்பெனி. அர்னால்டுன்னு ஒருத்தரு இன்னொருத்தரோட சேர்ந்து ஆரம்பிச்சது, பிளக்கு கால நல்லா கவ்விப் பிடிக்கிற மாதிரி சாக்கெட் செஞ்சாங்க, அதுக்கு வச்ச மல்ட்டி காண்டாக்ட்ங்குற பேருதான் சுருங்கி எம்கே ஆச்சாம். ஆஸ்திரேலியா கத கிளிப்சலோடது. அடிலெய்டுல ஆல்பிரட் ஜெரார்டுங்குறவரு 1920ல ஆரம்பிச்சாரு. அந்தக் காலத்துல வயரு போற பைப்பு வெளிநாட்டுலேர்ந்து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ்ல வரும், ஒண்ணோட ஒண்ணு சேராது, இவரு எல்லா சைஸையும் கவ்வுற மாதிரி ஒரு இணைப்ப செஞ்சாரு, கிளிப்ஸ் ஆல், எல்லாத்தையும் கவ்வும், அதுதான் கிளிப்சல். எண்பது வருஷத்துக்கு மேல அந்த குடும்பத்து கையிலயே இருந்துட்டு பிறகுதான் ஷ்னைடர்ங்குற கம்பெனி வாங்குனாங்க. எங்கப்பா தட்டித் தட்டி காட்டுன சுவிட்சுக்கு இப்புடி ஒரு கதை இருக்குன்னு அவருக்கு தெரிஞ்சிருந்தா வர்றவன ஒரு மணி நேரம் நிக்க வச்சிருப்பாரு.

அப்பா ரெண்டு மகன் கதை மட்டும் ஹேகரோட நெசமான கதை. பீட்டர் ஹேகரும் மகனுங்க ஹெர்மனும் ஓஸ்வால்டும், 1955ல, சார்லாண்டுல என்ஸ்ஹைம்ங்குற சின்ன ஊர்ல. அப்ப அந்த சார்லாண்டு ஜெர்மனியோட இல்ல, வியாபாரமெல்லாம் பிரான்ஸோட. 1957ல ஜெர்மனியோட சேர்ந்தாங்க, 1959ல சுங்கம், காசு எல்லாம் ஜெர்மனி பக்கம் மாறிருச்சு. ஒரே ராத்திரியில பிரான்ஸ் வாடிக்கை வேற நாட்டுக்காரங்களா ஆயிட்டாங்க. இவங்க என்ன பண்ணுனாங்கன்னா அதே 1959ல எல்லைக்கு அந்தப் பக்கம் அல்சாஸ்ல ஓபர்னேங்குற ஊர்ல ஒரு ஃபேக்டரி போட்டாங்க, ரெண்டு பக்கமும் விக்கலாம்ல. இன்னிக்கும் குடும்பம்தான் நடத்துது. சண்ட போட்டு பிரிஞ்ச தம்பியெல்லாம் கடைக்காரரு வாயில பொறந்தவரு. அதோட நல்ல ஹேகர் சாமான்ல பிரான்ஸ்ல செஞ்சதுன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, அதுக்கு காரணம் இதுதான், நான் முன்னாடி அத பாத்து போலின்னு நெனச்சு ஒதுக்கியிருக்கேன், அது தனி கூத்து.

சரி, கடைக்கு போனோம். ஒடச்ச சாமான மேசையில கொட்டுனேன். மொகமே மாறல அந்தாளுக்கு. "ஒடச்சுட்டு வந்தா வாரண்டி இல்ல ணே." பிறகு, "இது என் கடையில வாங்குனதுன்னு ரெசிட்ல பேரு இருக்கா?" இல்ல. அதுக்குத்தான் அப்புடி எழுதியிருக்காருன்னு அப்பதான் ஒறைச்சுது. எங்கம்மா கரண்டு அடிச்சு விழுந்தாங்கங்கன்னு சொன்னேன், ஒரு நிமிஷம் பேசல, பிறகு ஒரு டார்ச்லைட்ட எடுத்து நீட்டுறாரு, அம்மாவுக்கு குடுங்க ணேன்னு. நான் வாங்கல. மருமகன் என்ன வெளிய இழுத்துட்டு வந்துட்டான், இல்லன்னா நான் போலீஸ் கேஸ் ஆயிருப்பேன்.

நம்ம நாட்டு சட்டத்துல இதெல்லாம் எழுதியே இருக்கு, 1994 மின்சார விதிமுறையில சாக்கெட்டுக்கு, கையில பிடிக்கிற சாமானுக்கு 30 மில்லி ஆம்ப், குளிக்கிற இடம் மாதிரி ஈரமான இடத்துக்கு 10, மத்ததுக்கு 100ன்னு. ஆர்சிசிபி, எம்சிபி, பிளக்கு எல்லாம் சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) அனுமதியோடதான் விக்கணும், சிரிம்ங்குற தரச்சான்று லேபல் இருக்கணும். என் பெட்டியில லேபல் இருந்துச்சான்னு கேட்டீங்கன்னா, இல்ல, நான் தேடவே இல்ல. கடையில வாங்கும்போது அங்கயே நெம்புகோல தூக்கிவிட்டு பட்டன அமுக்கிப் பாருங்க, விழுந்துச்சுன்னா வச்சுட்டு வந்துருங்க. விழலன்னா மட்டும் நல்லதுன்னு அர்த்தம் இல்ல, பூட்டுன பிறகு வயர்மேன டெஸ்டர் வச்சு எத்தன மில்லி ஆம்ப்ல விழுதுன்னு காட்டச் சொல்லுங்க, பட்டன அமுக்கிட்டு போற ஆள விடாதீங்க. ரெசிட்ல பிராண்டு, மாடல் நம்பர் எழுதச் சொல்லுங்க, எழுத யோசிக்கிறான்னா கெளம்பிருங்க. வீட்டுல நீங்களா எதையும் கழட்டிப் பாக்காதீங்க.

திரிபுனல் துந்துத்தான் பெங்குனால (பயனீட்டாளர் நடுவர் மன்றம்) கேஸ் போட்டிருக்கேன், ஃபாரம் நம்பர் ஒண்ணு, அஞ்சே வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வேணாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும். ரெசிட் மொட்டையா இருக்குறதால எனக்கு கொஞ்சம் கஷ்டம்னு சொன்னாங்க. ஆனா அன்னிக்கு நான் கார்டுலதான் கட்டுனேன், பேங்க் பேப்பர்ல கடை பேரும் தேதியும் இருக்கு, அத சேத்திருக்கேன். கேபிடிஎன்ங்குற உள்நாட்டு வாணிப அமைச்சுலயும் புகார் குடுத்தாச்சு.

ஈப்போவுல போயி புது ஆர்சிசிபி வாங்கி வயர்மேன் தம்பியே பூட்டுனான், கமிஷன் எவ்ளோன்னு நான் கேக்கல. அம்மாவுக்கு இடுப்பு வலி பரவால்ல, ஆனா இன்னும் வாஷிங் மெஷின ரப்பர் கையுறை போட்டுக்கிட்டுதான் தொடுறாங்க.

சுங்கை சிப்புட், கோல கங்சார் பக்கம் யாராவது சின்ஸ் 1919, ஜெர்மன் டெக்னாலஜின்னு அடிச்ச பெட்டியில ஆர்சிசிபி வாங்கியிருந்தா மொதல்ல நல்ல வயர்மேன கூப்புட்டு மாத்துங்க. கழட்டுனத தூக்கிப் போட்டுறாதீங்க, பெட்டியோட எடுத்து வைங்க, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. விசாரணைக்கு போறப்ப ரெண்டு மூணு பேரு பெட்டி கையில இருந்தா நல்லாருக்கும்.