ஒரே ஆலயம், இரண்டு ஆராதனை முறைகள்

இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த இந்தச் சேகர (உள்ளூர்ப் பங்கு) ஆலயத்தில், ஞாயிறு காலை 8 மணிக்கு 1662ஆம் ஆண்டுப் பொது ஜெப புத்தகத்தின்படியும், 10 மணிக்கு 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ‘காமன் வொர்ஷிப்’ முறைப்படியும், அப்பத்தையும் திராட்சரசத்தையும் பகிரும் திருவிருந்து ஆராதனை நடைபெறுகிறது. இரண்டையும் கலந்து நீர்த்துப்போகச் செய்யாமல், ஒவ்வொன்றையும் அதனதன் ஒழுங்கில் முழுமையாக நடத்துவதற்காகவே இவ்வாலயத்தைப் பரிந்துரைக்கிறேன்.

காலை 8 மணி ஆராதனையில் ஆர்கனும் இல்லை, பாடல்களும் இல்லை. குருவானவர் கர்த்தருடைய ஜெபத்தைத் தாமே சொல்லித் தொடங்குகிறார். பத்துக் கற்பனைகள் ஒவ்வொன்றுக்கும் சபையார் இரக்கம் வேண்டி மறுமொழி கூறுகின்றனர். பாவ அறிக்கை தொடக்கத்தில் அல்லாமல், திருச்சபைக்கான ஜெபத்துக்குப் பிறகு, பந்திக்குச் செல்லும் நேரம் நெருங்குகையில் வருகிறது. பாவமன்னிப்பு கூறப்பட்டவுடன், ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று தொடங்கும் நான்கு வேத வசனங்கள் வாசிக்கப்படும்போது, அந்த அழைப்பு எனக்கே உரியதாக ஒலிக்கிறது. ‘உன்னதத்தில் தேவனுக்கு மகிமை’ என்னும் துதியும் இம்முறையில் இறுதிக்கு நகர்ந்து, அப்பத்தையும் திராட்சரசத்தையும் பெற்றவர்களின் நன்றியாக அமைகிறது. இந்த வரிசையின் ஆழத்தை வேறெந்த முறையிலும் நான் உணர்ந்ததில்லை.

ஆயினும் புதியவர்களுக்கு இந்த ஆராதனை எளிதன்று. புத்தகத்திலுள்ள நீண்ட அறிவுரைகள் விடப்படுவதால், பக்க எண்ணை யாரும் அறிவிக்காத நிலையில் முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருக்கிறது. விசுவாசப் பிரமாணத்துக்குப் பின் பிரசங்கம் இடம்பெற வேண்டும் என்று அப்புத்தகமே கூறியிருந்தும், இங்கே அது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. ஐந்து நிமிட அருளுரையாவது அவசியம்.

10 மணி ஆராதனையின் சிறப்பு வேத வாசிப்பில் உள்ளது. பழைய முறையில் ஆண்டுதோறும் அதே நிருபப் பகுதிகளும் சுவிசேஷப் பகுதிகளும் திரும்ப வருகின்றன. இங்கோ மூன்றாண்டுச் சுழற்சியில் பழைய ஏற்பாடும் சேர்ந்துகொள்வதால், தீர்க்கதரிசிகளின் குரலைச் சபை தொடர்ந்து கேட்கிறது. வாசிப்பையும் மன்றாட்டையும் சபையாரே முன்னின்று நடத்துவதும், குருவானவர் சபையை நோக்கி நின்று பந்தியை நடத்துவதும், சமாதான வாழ்த்தைப் பகிர்ந்துகொள்வதும், நாம் கூடிவந்த ஒரு குடும்பம் என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றன. பிள்ளைகளுடன் வருவோர் தயக்கமின்றி இதற்கு வரலாம்.

குறை இசையில்தான். பாடகர் குழுவும் ஆர்கனும் வழிநடத்தும் வாரங்களில் சபை முழுவதும் சேர்ந்து பாடுகிறது. கிட்டாரும் டிரம்ஸும் வரும் வாரங்களிலோ, ஒலிபெருக்கியின் உரத்த ஓசையில் அருகில் நிற்பவரின் குரல்கூடக் கேட்பதில்லை. புதிய பாடல்கள் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. சபையின் குரல் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்தாலே போதும்.

எந்த முறையைப் பின்பற்றுவது என்பதைக் குருவானவரும், சேகரத்தின் நிர்வாகக் குழுவான சேகர மன்றமும் இணைந்தே முடிவு செய்ய வேண்டும் என்பது இத்திருச்சபையின் விதி. ஆகவே, வருகை குறைவு என்ற காரணத்தால் 8 மணி ஆராதனையைக் கைவிடும் பேச்சு எழுமானால், அதனால் பயன்பெறுவோர் தங்கள் கருத்தை மன்ற உறுப்பினர்களிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முதன்முறையாக வருவோர் 10 மணி ஆராதனையில் தொடங்கி, அதன் ஒழுங்கு பழகிய பின் 8 மணிக்கு வருவது நல்லது.