பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் கேம் கன்சோல்: எந்த வழி நல்ல வழி?

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மானிட்டரில் கன்சோலை மாட்டி விளையாட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். ஆனால் எப்படி மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறிவிடும். ஒரு வழியில் பட்டனை அழுத்தியதும் ஹீரோ குதிப்பான். இன்னொரு வழியில் அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் குதிப்பான். படம் தெரிந்தால் போதும் என்று அடாப்டர் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். கன்சோலிலிருந்து கிளம்பும் சிக்னல் திரைக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை முறை உருமாற்றப்படுகிறது? கீழே வரும் எல்லா வழிகளையும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முதலில் மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று வரிசையில் 15 துளைகளோடு, பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது விஜிஏ. 1987இல் ஐபிஎம் கம்ப்யூட்டர்களோடு வந்த அனலாக் இணைப்பு இது. அதைவிட அகலமாக, பெரும்பாலும் வெள்ளையாக, ஓரத்தில் ஒரு தட்டையான கீற்றோடு இருப்பது 1999இல் வந்த டிவிஐ. உங்கள் மானிட்டரில் இரண்டும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிவிஐ பக்கம் போங்கள்.

டிவிஐயா, விஜிஏவா?

காரணம் எளிது. இன்றைய கன்சோல்களிலும் டிவிகளிலும் உள்ள ஹெச்டிஎம்ஐ இணைப்பு, டிவிஐயில் படத்தை அனுப்பும் அதே டிஜிட்டல் முறையின் மேல்தான் கட்டப்பட்டது. அதனால் இரண்டுக்கும் நடுவே சிப் எதுவும் தேவையில்லை. ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ, மறுபக்கம் டிவிஐ உள்ள சாதாரண கேபிள் போதும். சிக்னல் எங்கும் உருமாறுவதில்லை, கூடுதல் தாமதமும் இல்லை. பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டென்டோ ஸ்விட்ச் என்று ஹெச்டிஎம்ஐ உள்ள எந்தக் கன்சோலுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. அது ஹெச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு. டிவிஐ வந்த தொடக்க காலத்து மானிட்டர்கள் பலவற்றுக்கு இந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. அப்படிப்பட்ட மானிட்டரில் கேபிள் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் செட்டிங்ஸில் ஹெச்டிசிபியை அணைத்துவிடலாம். கேம்கள் ஓடும், சினிமா பார்க்கும் சில ஆப்கள் மட்டும் ஓடாது. பிளேஸ்டேஷன் 3இல் இந்த வசதி இல்லை. அதன் ஹெச்டிஎம்ஐயில் பூட்டு எப்போதும் போட்டபடியே இருக்கும்.

படம் வந்தபிறகு கறுப்பு நிறம் சாம்பல் பூசியது போல வெளிறித் தெரிந்தால் மானிட்டரைக் குறை சொல்லாதீர்கள். டிவிக்கான சிக்னலில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடியும். கம்ப்யூட்டர் மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். கன்சோலின் வீடியோ செட்டிங்ஸில் ஆர்ஜிபி ரேஞ்சை (நிற அளவுகளின் வரம்பை) ஃபுல் என்று மாற்றினால் அந்தச் சாம்பல் காணாமல் போய்விடும்.

விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் ஒரு சிப் கட்டாயம் வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரு முனையிலும் பிளக் மட்டும் வைத்து, உள்ளே சிப்பே இல்லாத கேபிள்களும் ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவை கன்சோலோடு வேலை செய்யாது. திசையையும் பார்த்து வாங்க வேண்டும். விஜிஏவிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்த முடியாது.

சரியான அடாப்டரிலும் கவனிக்க ஒன்று உண்டு. அந்தச் சிப்புக்கு மின்சாரம் ஹெச்டிஎம்ஐ போர்ட்டின் 5 வோல்ட் ஊசியிலிருந்து வருகிறது. விதிப்படி ஒரு கன்சோல் அதில் 55 மில்லிஆம்பியர் கொடுத்தால் போதும். பல அடாப்டர்கள் அதற்கு மேல் கேட்கும். படம் விட்டு விட்டு வருவதற்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். பக்கவாட்டில் யூஎஸ்பி மின் இணைப்பும் 3.5 மில்லிமீட்டர் ஆடியோ ஜாக்கும் உள்ள அடாப்டரையே தேர்ந்தெடுங்கள். தாமதம் பற்றிக் கவலை வேண்டாம். எளிமையான அடாப்டர் படத்தைச் சேமித்து வைப்பதில்லை, வர வர மாற்றி அனுப்பிவிடும்.

விஜிஏ வழியில் உண்மையான தலைவலி படத்தின் வடிவம். பழைய 17, 19 அங்குல எல்சிடி மானிட்டர்களில் பல 1280×1024 அளவு கொண்டவை, அதாவது 5:4. இன்றைய கன்சோல்கள் தருவது 16:9. மானிட்டரில் விகிதத்தைக் காக்கும் வசதி இல்லையென்றால் முகங்கள் எல்லாம் ஒல்லியாக, நெட்டையாகத் தெரியும். 1080பி (1080 கோடுகள் கொண்ட படம்) சிக்னலை ஏற்கவே மறுத்து, இது எனக்குச் சரிப்படாது என்ற அறிவிப்பை மட்டும் காட்டும் மானிட்டர்களும் உண்டு. டிவி கையருகே இருக்கும்போதே கன்சோலை 720பிக்கு மாற்றிவிட்டு, அப்புறம் மானிட்டருக்குக் கொண்டு வாருங்கள். பிளேஸ்டேஷன் 4இல் படம் வராமல் சிக்கிக்கொண்டால், அணைத்த நிலையில் பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை, சுமார் 7 நொடி அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். அங்கே ரெசல்யூஷனை மாற்றலாம். கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் மாட்டியிருக்க வேண்டும்.

கன்சோலே விஜிஏ தந்தால்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் இங்கே மாற்றமே இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360க்கு மைக்ரோசாஃப்ட்டே விஜிஏ கேபிள் வெளியிட்டது. 1280×1024, 1440×900, 1680×1050 போன்ற மானிட்டர் அளவுகளை மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம். பின்னால் வந்த கன்சோல்கள் பல இந்த வசதியைத் தரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஒரு எச்சரிக்கை: 2013இல் வந்த 360 ஈ மாடலில் அந்தக் கேபிளைச் சொருகும் ஏவி போர்ட் நீக்கப்பட்டுவிட்டது, கேபிள் இருந்தாலும் மாட்ட இடமில்லை.

சேகாவின் ட்ரீம்காஸ்ட் இன்னும் ஒரு படி மேல். விஜிஏ பாக்ஸ் (கன்சோலின் படத்தை விஜிஏ போர்ட்டில் தரும் துணைப் பெட்டி) மாட்டினால் அதன் பெரும்பாலான கேம்கள் 640×480இல் கிடைக்கும். அதைக் கண்ணாடிக் குழாய் உள்ள, கனமான பழைய சிஆர்டி மானிட்டரில் பார்க்க வேண்டும். சிஆர்டிக்கு நிலையான பிக்சல் கட்டம் கிடையாது. அதனால் 480 கோடுகளானாலும் 768 கோடுகளானாலும் திரையை நிறைத்து இயல்பாகத் தெரியும். அதே சிக்னலை எல்சிடிக்குக் கொடுத்தால் இழுத்துப் பெரிதாக்கி மழுங்கடித்துவிடும். வேகமாக நகரும் காட்சியிலும் சிஆர்டியின் தெளிவை அக்கால எல்சிடிகள் நெருங்கவே முடியாது. 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும் வேகம்) லேசான சிமிட்டல் கண்ணை உறுத்தும் சிலருக்கு மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மஞ்சள் கேபிள் காலத்துக் கன்சோல்கள்

பிளேஸ்டேஷன் 1, 2, சூப்பர் நின்டென்டோ, மெகா டிரைவ் போன்றவை டிவிக்காகப் பிறந்தவை. டிவி சிக்னல் ஒரு நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள் வரையும். விஜிஏ மானிட்டரோ குறைந்தது 31,500 கோடுகள் எதிர்பார்க்கும். அதனால் காம்போனென்ட் கேபிளின் சிவப்பு, பச்சை, நீல ஆர்சிஏ (வட்ட முனை) பிளக்குகளை விஜிஏவோடு நேராக இணைக்கும் கேபிளை வாங்கிப் பயனில்லை. வேகமும் பொருந்தாது, அந்த மூன்று கேபிளில் நிறம் பிரிக்கப்படும் முறையும் வேறு. அந்த முறையைப் புரிந்துகொள்ளும் அபூர்வ மானிட்டர் இல்லையென்றால் படம் பச்சையும் ஊதாவுமாக வரும்.

இங்கே போட்டி இரண்டுக்கு நடுவே. ஒன்று, மலிவான ஏவி டு விஜிஏ பெட்டி, அதன் அண்ணன் முறையான டிவி ட்யூனர் பெட்டி. இன்னொன்று ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற லைன் டபுளர்.

மலிவுப் பெட்டியில் படத்துக்கான மஞ்சள் பிளக்கைச் சொருகினால் படம் வந்துவிடும். ஆனால் பழைய கேம்கள் பல 240 கோடுகளில், நொடிக்கு 60 முழுப் படங்களாக வருகின்றன. பெட்டி அதை இரண்டு அரைப் படங்கள் சேர்ந்த டிவி ஒளிபரப்பு என்று நினைத்துக்கொண்டு பக்கத்துப் படங்களை ஒன்றாகக் கலக்கிவிடும். அடிபட்ட எதிரி மின்னி மின்னி மறைவதும், காலடியில் விட்டு விட்டுத் தெரியும் நிழலும் அந்தக் கலவையில் கெட்டுப்போகும், சில சமயம் அடியோடு காணாமலே போகும். இப்படிக் கலக்க ஒன்றிரண்டு படங்களைச் சேமித்து வைக்க வேண்டும். ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லிநொடி என்றால், 17 முதல் 33 மில்லிநொடி வரை தாமதம் சேரும். நிதானமான ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கேம்) ஆடுகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. சண்டை கேமிலும் தாவிக் குதிக்கும் கேமிலும் இது கையைக் கட்டிப்போடும்.

லைன் டபுளர் வேறு விதமாக யோசிக்கிறது. வரும் ஒவ்வொரு கோட்டையும் அப்போதே இரண்டாகப் போட்டு அனுப்பிவிடுகிறது. முழுப் படத்தைச் சேமிப்பதில்லை, அதனால் தாமதம் உணரவே முடியாத அளவு. ஓஎஸ்எஸ்சிக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும்) அல்லது காம்போனென்ட் கேபிள் வேண்டும், மஞ்சள் கேபிளை அது ஏற்காது. ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மஞ்சள் கேபிள், எஸ்-வீடியோ, காம்போனென்ட் மூன்றையும் ஏற்கும். இரண்டும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில்தான் படம் தரும். ஆனால் டிவிஐ கேபிளோ மேலே சொன்ன விஜிஏ அடாப்டரோ பின்னால் மாட்டிக்கொள்ளலாம். பால் (PAL) என்ற 50 ஹெர்ட்ஸ் டிவி முறைக் கன்சோல் வைத்திருப்பவர்கள் மட்டும் மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், லைன் டபுளர் அந்த வேகத்தை மாற்றாது.

லைன் டபுளருக்குச் செலவு அதிகம்தான். ஆனாலும் பழைய கன்சோலில் தினமும் விளையாடுகிறவருக்கு நான் வேறெதையும் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒருநாள் எடுத்துப் பார்ப்பவருக்கு மலிவுப் பெட்டி போதும்.

கடைசியாக ஒலி. விஜிஏவில் ஒலி வராது, டிவிஐ கேபிளிலும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலரில் ஹெட்போனை மாட்டி, எல்லா ஒலியும் அதில் வரும்படி செட்டிங்ஸில் மாற்றலாம். நின்டென்டோ ஸ்விட்ச்சின் தலைப்பக்கத்தில் ஹெட்போன் ஜாக் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3இல் பின்பக்க ஏவி கேபிளின் சிவப்பு, வெள்ளை பிளக்குகளை ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம். நடுவில் ஒலியைப் பிரித்தெடுக்கும் பெட்டி வாங்குவதானால், ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். டிவிஐ மானிட்டர் தனக்கு ஒலி வேண்டாம் என்று கன்சோலிடம் தெரிவித்துவிடும், அப்படித் தெரிந்தால் கன்சோல் ஒலியை அனுப்பவே அனுப்பாது. அந்தச் சுவிட்ச், ஒலியும் வேண்டும் என்று பெட்டியின் சார்பில் கேட்டு வாங்கித் தரும்.