காரைக்குடியில் தலை டாப்ளர்: ஸ்கேன் நேர்த்தி, ரிப்போர்ட் பாதி

சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரை நோய். அது உள்ள பிள்ளைகளுக்குப் பக்கவாத ஆபத்தைப் பார்க்க எழுதித் தரும் டிசிடி, அதாவது மூளை ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் தலை டாப்ளர், காரைக்குடியிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் எடுக்கிறார்கள். பெயர் வேண்டாம், கீழே வரும் குறைகள் அந்த ஒரு இடத்தோடு நிற்பவை அல்ல. செட்டிநாட்டில் இந்த நோய் அரிது. நீலகிரி கூடலூர்ப் பக்கமிருந்தோ ஒடிசா, சத்தீஸ்கரிலிருந்தோ பிழைக்க வந்த குடும்பத்துக்கு, மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போகாமல் வேலை முடிவது பெரிய ஆறுதல். ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். குறைந்த இரண்டில் பெரும்பங்கு ரிப்போர்ட்டில் போனது.

முதல் சறுக்கல் கவுன்டரிலேயே. வெறுமனே ‘டாப்ளர்’ என்றால் கழுத்து டாப்ளருக்குப் பில் போட்டுவிடுகிறார்கள். இந்த நோயில் ரத்தக்குழாய் சுருங்குவது பெரும்பாலும் மண்டைக்குள் போன பிறகுதான். கழுத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். சீட்டில் ‘டிரான்ஸ்க்ரேனியல்’ (மண்டையோட்டின் வழியாக) என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டாவது, இதய எக்கோவுக்குச் சொல்வதுபோல “பிள்ளையைத் தூங்க வச்சுக் கூட்டிட்டு வாங்க” என்கிறார்கள். கேட்காதீர்கள். தூக்கத்தில் ரத்தத்தில் கரியமில வாயு கூடும், மூளைக்கான ஓட்டமும் கூடும், இல்லாத ஆபத்தை எண் காட்டும். அழுது மூச்சு வாங்கினால் நேர்மாறு: வேகம் இறங்கிவிடும். விழித்தபடி, அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். தூக்க சிரப் கூடவே கூடாது. வயிற்றைக் காயப்போடவும் வேண்டாம். இரண்டு வெள்ளைப் பணியாரம், நிறையத் தண்ணீர் என்று தெம்பாகவே வரலாம். காய்ச்சலோ வலியோ உள்ள நாளில் எடுக்காதீர்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் வேகம் குறைந்து தெரியும் என்பதால் அந்தத் தேதியைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பதில்லை.

ஸ்கேன் அறைக்குள் குறை சொல்ல முடியாது. காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குச் சற்று மேலே ஜெல் தடவி, 2 மெகாஹெர்ட்ஸ் புரோபை வைத்து, ஆழத்தை 2 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டராக நகர்த்தி, எங்கே வேகம் அதிகமோ அதைப் பிடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அரைமணி நேரம். ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி ரிப்போர்ட். குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் சீறும் இல்லையா, அதே கணக்குதான்: சுருங்கிய நாளத்தில் ரத்தம் வேகமெடுக்கும். வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் பக்கவாத ஆபத்து அதிகம். 170 முதல் 199 வரை இடைநிலை, சீக்கிரமே மறுபடி எடுக்க வேண்டும். 1998இல் அமெரிக்காவில் வெளியான ‘ஸ்டாப்’ ஆய்வில் 200ஐத் தொட்ட 130 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றினார்கள். அதில் ஒருவருக்குத்தான் பக்கவாதம் வந்தது. ஏற்றாத பாதியில் 11 பேருக்கு வந்தது. இவ்வளவு கனமான முடிவு ஒரே எண்ணில் தொங்குகிறது. அந்த எண் எந்த எண் என்பதைத்தான் இந்த ரிப்போர்ட் சொல்வதில்லை.

மெஷின் மூன்று வேகங்களைத் தரும். துடிப்பின் உச்சம் பிஎஸ்வி. அலையின் மேல்விளிம்பை நேரத்துக்குச் சராசரியாக்கினால் டிஏமேக்ஸ். எல்லா ரத்த அணுக்களின் வேகத்தையும் கலந்து சராசரி எடுத்தால் டிஏமீன். 200, 170 என்ற கோடுகள் டிஏமேக்ஸுக்கு மட்டும் உரியவை. பிஎஸ்வி எப்போதும் அதைவிடக் கூடுதல். அதை எழுதிவிட்டால் நன்றாயிருக்கும் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றும் பேச்சு வரும். டிஏமீன் குறைவு, அதை எழுதினால் ஆபத்தில் இருக்கும் பிள்ளை ‘நார்மல்’ ஆகிவிடும். இங்கே வெறும் ‘வேகம்’ என்று அடித்துத் தருகிறார்கள். எது என்று பேனாவால் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று: இது படம் காட்டும் வகை மெஷின். ஸ்டாப் ஆய்வில் இருந்தது படமில்லாத பழைய வகை. படம் காட்டும் வகை ஏறக்குறைய 10 சதவீதம் குறைத்தே காட்டும் என்பதால் பல மையங்கள் 185ஐயே 200க்குச் சமமாக வைத்துக்கொள்கின்றன. புரோபின் சாய்வுக்காக மெஷின் எண்ணைத் திருத்தும் கோணத் திருத்தத்தை அணைத்துவைத்துத்தான் அளக்க வேண்டும். ரிப்போர்ட்டில் எம்சிஏ (மூளையின் நடுத் தமனி) மட்டும் இருப்பதும் போதாது. கழுத்திலிருந்து மூளைக்கு ஏறும் தமனியான ஐசிஏ மண்டைக்குள் முடியும் இடமும் இரண்டு பக்கமும் வேண்டும். எலும்பு தடித்து அலை நுழையாவிட்டால் ‘ஜன்னல் கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும், ‘நார்மல்’ என்றல்ல.

முதல்முறை 200 வந்தால் அன்றே கலங்க வேண்டாம். சில வாரங்களுக்குள் இன்னொரு முறை, முடிந்தால் அதே மெஷினில், எடுத்து உறுதி செய்வார்கள். ரத்தம் ஏற்ற ஆரம்பித்து எண் இறங்கியதும் நிறுத்திவிடலாம் என்பதும் தப்பு. 2005இல் வந்த இரண்டாம் ஸ்டாப் ஆய்வில் நிறுத்திய பல பிள்ளைகளுக்கு வேகம் பழையபடி ஏறியது. ஹைட்ராக்சியூரியா என்ற மருந்துக்கு மாற்றுவதை ரத்த நோய் நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹீமோகுளோபின் வகையைக் காட்டும் எச்பிஎல்சி ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ் என்று வந்தவர் நோயை வெறுமனே சுமப்பவர், அவருக்கு இந்த ஸ்கேன் தேவையில்லை. அதே ரிப்போர்ட்டில் நோயின் கடுமையான வகைகளான எஸ்எஸ் அல்லது எஸ்-பீட்டா ஜீரோ தலசீமியா என்றால், 2 வயது முதல் 16 வரை ஆண்டுக்கு ஒருமுறை. சத்தமில்லாமல் நடக்கும் சிறு மூளைச் சேதம் இதில் தெரியாது, அதற்கு எம்ஆர்ஐதான். பத்து வயதிலிருந்து சிறுநீரில் ஆல்புமின், கண்ணில் விழித்திரைப் பரிசோதனை, இரண்டும் தனி. சென்டரில் ‘ஃபுல் செக்கப்’ என்று விற்கும் பேக்கேஜில் இந்த இரண்டுமே இல்லை.