கல்லா, கேப்பா: பழைய மாதிரித் துவக்கு எடுக்குமுன்

ரொறொன்ரோவிலிருந்து தம்பி இரண்டு படம் அனுப்பினான்: "அண்ணா, எதை எடுக்க?" இரண்டும் வாய்வழி மருந்திடும் இத்தாலிய நீளத் துவக்குகள், பழைய மாதிரியில் புதிதாகச் செய்தவை. ஒன்று சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுவது, மற்றது கேப்பு, அதாவது தட்டினால் வெடிக்கும் சிறு மூடி, வைத்துச் சுடுவது. யாழ்ப்பாணத்திலிருந்து நான் எழுதியது:

அடையாளம்: இரண்டின் குழலிலும் 'பீஎன்' முத்திரை, அதாவது கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) மட்டும் போடலாம். பக்கத்துக் கட்டத்தில் இருப்பது சோதித்து முத்திரையிட்ட ஆண்டு: 'ஏஏ' என்றால் 1975.

உரிமம்: சக்கிமுக்கிக் கல் நீளத் துவக்கு என்றால் கனடாவில் வேண்டாம். கேப்பு என்றால் வேண்டும்.

பாவிப்பு: கேப்பு லேசு, ஈரத்துக்கும் தாங்கும். கல் உரசும் இரும்பு தேய்ந்தால் பொறி வராது.

விலை: குழலின் உட்புறம்தான். முதலில் கம்பியை அடிவரை விட்டு, குழல் வாயில் அடையாளமிட்டு, எடுத்துக் குழலின் வெளியே வைத்து அளந்து பார். உள்ளே போன நீளம் குழலின் அடிவரை எட்டாவிட்டால் உள்ளே மருந்து கிடக்கலாம், தொடாதே. சரியென்றால் கம்பியில் துணி சுற்றி உள்ளே விடு. நூல் சிக்கினால் துரு தின்றிருக்கிறது, விலையை நன்றாகக் குறை.

சுவரில் மாட்டக் கல். கிழமைதோறும் சுடக் கேப்பு.